சாம்பிள் இல்லாமல் போனவர்

மூன்றாவது முறையாக என் வீட்டுக்காரர் பிரேக் பேட் வாங்கிக்கொண்டு வந்து இறங்கியபோது மணி நாலரை. மன்னார்புரத்தில் முஜிபுர் ரஹ்மான் ஒர்க்‌ஷாப் வாசலில் எங்கள் பழைய பிக்கப், முன்சக்கரம் கழன்று ஜாக்கியில் நின்றது. விடிந்தால் மருங்காபுரியில் என் சமையலில் கல்யாணச் சாப்பாடு, முந்நூறு இலை. அண்டா குண்டாவை ஏற்றி ஓட்டப்போவதும் இவர்தான். நேற்று காவிரிப் பாலத்தில் மிதிமிதியென்று மிதித்தும், முன்னால் நின்ற பஸ்ஸை உரசுகிற மட்டும் போய்த்தான் வண்டி நின்றது.

சகாயநாதன், எம்.எஸ்சி., பி.எட். முப்பது வருஷம் இயற்பியல் நடத்திவிட்டுப் போன வருஷம் ரிடையரான மூளை. கழற்றிய பேடைச் சாம்பிளுக்குக் கொண்டுபோங்க என்று முஜிபுர் காலையிலேயே தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே! கரி சட்டையில் ஒட்டுமாம். ஆர்.சி. புக்கை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜெபப்புத்தகம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குச் சத்திரம் பஸ் ஏறினார், வெள்ளைச் சட்டையில். மனுஷனா இவர்!

"ரெண்டாயிரத்தெட்டு மாடல். புக்குல தெளிவா இருக்கு. இது பொருந்தியே ஆகணும்," என்றார்.

"பொருந்தலையே சார்," என்றார் முஜிபுர். புதுப் பேடின் காது உள்ளே உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றது.

"எம்.எஸ்சி. படிச்சு என்ன புண்ணியம்? ஒரு இரும்புத் துண்டு வாங்கத் துப்பில்ல," என்றேன், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காதிலும் விழட்டும் என்றே. ஒருவன் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு இன்னும் நாக்கு நீண்டது. "இவர்கிட்ட படிச்ச புள்ளைங்க எப்படித்தான் பாஸாச்சுங்களோ!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

முஜிபுர் டார்ச் அடித்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். "அக்கா, சார் மேல தப்பில்லக்கா. பேட் உட்கார்ற இந்தக் காலிப்பரே இந்த மாடலோடது இல்ல. பின்னாடி வந்த மாடலோடத யாரோ பழைய சாமான்ல எடுத்து மாட்டியிருக்காங்க. வண்டி எங்கயாச்சும் அடிபட்டுச்சா?"

மாதாவே! வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை இறக்கினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி ஆஸ்டின் இந்த வண்டியை மதகுச் சுவரில் கொண்டுபோய் விட்டான். தெரிந்தால் அவனை வாசலே மிதிக்க விடமாட்டார் என்று, இவர் பேப்பர் திருத்தப் போயிருந்த வாரத்தில் சத்தங்காட்டாமல் சரிபண்ண வைத்தவள் நான். காலையிலிருந்து இவரை வறுத்தெடுத்ததில் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. தூ, நானும் ஒரு மனுஷி.

"என் வண்டி எங்கயும் இடிச்சதே இல்ல தம்பி," என்றார் சகாயநாதன். என்னைப் பார்த்தார். "இல்ல, பேட்ரிசியா?"

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, தப்பு என்னுதுதான். மொதல்லயே சாம்பிள் எடுத்துட்டுப் போயிருக்கணும்." ஆர்.சி. புக்கை என்னிடம் நீட்டினார். "இத நீ வச்சுக்க, கரி படும்." பழைய பேடை வெறும் கையால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்த பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தார். படியில் தொங்கியபடி போனவரின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது.