அம்மாகிட்ட சொல்லு

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா தன் மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள் என்பது ஊரறிந்த ரகசியம். சண்டை என்று ஒன்றுமில்லை. மாப்பிள்ளை காட்டு இலாகாவில் வழிகாட்டி. அருவி பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய் உயிரோடு திரும்பக் கூட்டிவருவது வேலை. "மரத்துக்கு நடுவுல நடக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று அக்கா கேட்டாள். கேட்டது அவனிடம் இல்லை, பேப்பர் மாட்டிக்கொண்ட மெஷினைத் தட்டிக்கொண்டே என்னிடம். ஒரே மகள், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். அக்கா தடுக்கவில்லை. பேசவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நான் போவேன்.

"இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்பாள் அக்கா, மகளிடம்.

"போதும்னு அம்மாகிட்ட சொல்லு" என்பான் அவன், மனைவியிடம்.

மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு குழம்புப் பாத்திரம் வைக்கிற அளவுக்குத்தான் இடம் இருக்கும். மகளின் கழுத்து மட்டும் டேபிள் ஃபேன் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கும்.

"அம்மா ஒரு தடவை வந்து என் வேலையைப் பார்க்கட்டும்" என்று அவன் சொல்லியனுப்பி, அக்கா "பார்த்தா என்ன குறைஞ்சிடுமாம்" என்று பதில் சொல்லியனுப்பி, ஒரு விடுமுறை நாளில் ஜீப் வாசலில் வந்து நின்றது. என்னை யாரும் கூப்பிடவில்லை. துணைக்கு என்று நானே ஏறிக்கொண்டேன். எனக்குக் காடும் ஆகாது, அட்டையும் ஆகாது. ஆனால் அந்த மூன்று பேரும் ஒரு பகல் முழுக்க ஒன்றாக இருக்கப்போகிறார்கள் என்றால், அதை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. பத்தடி உள்ளே போனதும் வெயில் காணாமல் போயிற்று. மழை விட்டு வெகுநேரம் ஆகியும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. காலடியில் எது வேர், எது பாம்பு என்று தெரியாத ஈரம். நான் பிடித்துக்கொள்ள ஒரு கொடியைத் தேடிக் கை நீட்டினேன்.

"ஆன்ட்டி, பார்க்காம எதையும் தொடாதீங்க" என்றான் முன்னால் போனவன், திரும்பிக்கூடப் பார்க்காமல். முதுகில் கண் வைத்திருப்பான் போல.

அவன் அடிக்கடி நின்று அண்ணாந்து பார்த்தான். எனக்கு அது நாடகமாகத்தான் பட்டது. அக்காவுக்கும் அப்படித்தான். "மேல யாரு இருக்காங்களாம், வணக்கம் சொல்றதுக்கு?" என்று என் காதில் சொன்னாள். நான் சிரித்தேன்.

சிரித்து வாய் மூடுவதற்குள் எங்கோ வலப்பக்கம் கதவை உடைத்தது மாதிரி ஒரு சத்தம். பிறகு எதையோ இழுத்துக்கொண்டு வருவது மாதிரி. பிறகு தொப்பென்று தரை அதிர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் சத்தம் வந்த பக்கம் பார்த்தோம். அவன் மட்டும் எங்கள் தலைக்கு மேலே பார்த்தான்.

"பட்ட கிளை. காத்தே வேண்டாம், ஈரத்துல கனம் ஏறினா தானா விழும்" என்றான். "எங்கேயும் உட்காருறதுக்கு முன்னாடி மேல பார்க்கணும்னு அம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, மேல பார்க்கணுமாம்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் நாடகம் பார்க்கிற மாதிரி நடக்கவில்லை. நான் அண்ணாந்தே நடந்து ஒரு வேரில் முட்டியை இடித்துக்கொண்டேன். வலி அப்புறந்தான் தெரிந்தது.

அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்த இடத்தில் ஓடை குறுக்கே வந்தது. அவன் நின்று, மனைவியை நிறுத்தி, மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி சொன்னான்.

"இதை அப்படியே அம்மாகிட்ட சொல்லு. இங்க வெயில் அடிக்கும், மேல மலையில கொட்டிட்டு இருக்கும். நமக்குத் தெரியாது. தண்ணி கலங்கினா, பச்சை இலை கொத்துக் கொத்தா மிதந்து வந்தா, யோசிக்கவே கூடாது. கரையோரமா ஓடக் கூடாது, நேரா மேட்டுல ஏறணும். ஓடைக்கு நடுவுல இருக்கற பாறைக்கு மட்டும் போகவே வேண்டாம்."

மகள் திரும்பினாள். "அம்மா, பார்த்து இருக்கணுமாம்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அக்கா.

முடிந்தது. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவும் முடியாது. லேபில் ரெண்டு பக்க ரிசல்ட்டை "நார்மல்தான்" என்று சுருக்கிச் சொல்லிப் பழகியவள். வீட்டிலும் அப்படித்தான். அவன் ஒரு பேச்சு பேசுவான், அம்மா ஒரு பேச்சு பேசுவாள், இரண்டிலும் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பரிமாறுவாள். குடித்தனம் அதனால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அருவி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கீழே குளம் மாதிரித் தேங்கி, அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. குளத்துக்குக் கீழே, ஓடையின் நடுவில், மேசை போல ஒரு தட்டைப் பாறை. எங்கள் கரையிலிருந்து அதற்குப் போக வரிசையாகச் சில கற்கள்.

அவன் மேல்பக்கத்துப் பாதையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். திரும்பி வந்தபோது அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பாறையில் போய் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க போக வேண்டாம்னு சொன்னேனே" என்றான் மனைவியிடம்.

"சொன்னேனே."

"என்ன சொன்ன?"

அவன் அவளைப் பார்த்தது ஒரு கணந்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கூழாங்கல் தெரியவில்லை. யாரோ மேலே இருந்து டீத்தூளைக் கொட்டியது மாதிரி ஒரு நிறம் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு கொத்து இலை வந்தது. காய்ந்த இலை இல்லை. காம்போடு பிய்ந்த பச்சை இலை. அதன் பின்னால் இன்னொன்று. அருவியின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. அதைக் காதால் கேட்டேனா, பாதத்தால் கேட்டேனா, தெரியாது.

"அம்மாவை வரச் சொல்லு. உடனே." அவன் குரலே மாறியிருந்தது.

"அம்மா," என்று கத்தினாள் மகள். "தண்ணி வருது."

எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடு. அதைக் கேட்டு ஓடி வருகிறவர்கள் உண்டு. ஓடிப்போகிறவர்களை நான் பார்த்ததில்லை.

"வரட்டுமே," என்று அக்கா சிரித்தாள். "குடமா எடுத்துட்டு வந்தேன்?"

வாயைத் திறந்தேன். தெருவுக்கே கேட்கிற என் குரல், அன்றைக்கு வரவில்லை. மகள் "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவன் மனைவியை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

"ஏய்," என்று கத்தினான். "எந்திரி."

அக்காவின் கால் நின்றது. தலை மெதுவாகத் திரும்பியது.

"யாரைப் பார்த்து ஏய்ங்கற?"

"உன்னத்தான். காது செவிடா?"

அக்கா எழுந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவனுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். பயத்துக்கு நகராதவள் கோபத்துக்கு நகருவாள். "இங்க வந்து கேளு, தைரியம் இருந்தா" என்றான். அவன் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. வெளுத்துப்போய் இருந்தது.

"வர்றேன்டா," என்று அக்கா முதல் கல்லில் காலை வைத்தாள். "பொண்ணைக் கொடுத்ததுக்கு இதுவும் கேக்கணுமா நான்? வந்து கேக்கறேன்." விரலை ஆட்டிக்கொண்டே அடுத்த கல். கரைக்குப் பக்கத்துக் கல்லைத் தேடினாள். அது இல்லை. அதன் மேல் தண்ணீர் ஏறியிருந்தது. அக்கா அப்போதுதான் கீழே பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். ஆட்டிய விரல் அப்படியே நின்றது.

அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"ஏறுங்க. ஓடாதீங்க, ஏறுங்க."

வேரைப் பிடித்து, மண்ணைப் பிடித்து, ஒருத்தர் காலை ஒருத்தர் பிடித்து ஏறினோம். வந்தது அலை இல்லை. ஒரு தெருவையே யாரோ பாயாகச் சுருட்டிக்கொண்டு வருவது மாதிரி, மண்ணும் கல்லும் மரமுமாக உருண்டு வந்தது. முழு மரம் ஒன்று வேரோடு வந்து அந்தத் தட்டைப் பாறையில் மோதி, நட்டுக்க நின்று, சாய்ந்து போயிற்று. அதன் பிறகு பாறையும் தெரியவில்லை.

நாங்கள் நின்ற இடத்தில் என் காலடியில் சின்னக் கற்கள் உதிர ஆரம்பித்தன. "இங்க வேண்டாம். மண்ணு இளகுது. இன்னும் மேல" என்றான். யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவன் பார்க்கவில்லை. எல்லாருக்குமாகச் சொன்னான். ஏறினோம். ஒரு பெரிய மரத்தடியில் உட்காரப் போனேன். அக்கா என் புடவையைப் பிடித்து நிறுத்தி, முதலில் அண்ணாந்து பார்த்தாள். பிறகுதான் என்னை உட்காரவிட்டாள்.

தண்ணீர் வடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மகள் மட்டும் அழுதாள். "நான் ஒழுங்கா சொல்லல" என்றாள் இரண்டு தடவை. அப்படி இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. அவன் ஷூ கயிற்றைக் கட்டப் போய், முடிச்சு விழாமல் விட்டுவிட்டான். அதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வேறு மேட்டுப் பாதையில், சுற்றிக்கொண்டு, ஜீப்புக்கு வந்து சேர்ந்தோம். அக்கா யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒரு செருப்புதான் இருந்தது. ஏய் என்று சொன்னதற்கு இப்போது இருக்கிறது கச்சேரி என்று நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஜீப் நகர்ந்தது. அக்கா கண்ணாடி வழியே மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணி இந்த ரோட்டுக்கு வருமா?" என்றாள்.

மகள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"வராது அத்தை."

ஒரு வளைவு தாண்டியது.

"வருமா?"

"வராது அத்தை. ரோடு மேல இருக்கு."

அடுத்த வளைவிலும் கேட்டாள். அதற்கடுத்த வளைவிலும். அவன் ஒவ்வொரு தடவையும், முதல் தடவை கேட்கிற மாதிரியே பதில் சொன்னான். எனக்கும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.