வெள்ளியை இடப்பக்கம் வைத்த விடைக்குறிப்பு

விடைத்தாள் திருத்தும் முகாமின் கடைசி நாள். வேதியியல் ஆசிரியைக்குக் கழுத்து விறைத்துப் போயிருந்தது.

இரண்டு மதிப்பெண் கேள்வி, எளியதுதான்: தாமிரம் வெள்ளி அயனிகளோடு வினைபுரிகிறது, அந்த மின்கலத்தின் குறியீட்டை எழுதுக. அச்சிட்ட விடைக்குறிப்பில் வெள்ளி இடப்பக்கமும் தாமிரம் வலப்பக்கமும் இருந்தன. காலையிலிருந்து அதைப் பார்த்தே மதிப்பெண் போட்டாள். யோசிக்கத் தெம்பில்லை.

மதியத்துக்குப் பிறகு ஒரு தாள். கோழிக் கிறுக்கல். ஆனால் வினையை இரண்டாகப் பிரித்து, ‘தாமிரம் எலக்ட்ரானை இழக்கிறது, எனவே அது ஆனோடு, இடப்பக்கம்’ என்று காரணம் சொல்லி, கடைசியில் Cu | Cu²⁺ || Ag⁺ | Ag என்று முடித்திருந்தது. சுழி போடப் போன கை நின்றது.

தாளோடு தலைமைத் திருத்துநரிடம் போனாள். "சார், ஆன்சர் கீ தப்பு."

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "துத்தநாகத்தோட சேர்த்து தாமிரத்த வலப்பக்கமே எழுதி எழுதிப் பழக்கம். எழுதினவரு கை தானா போயிடுச்சு." பெருமூச்சு விட்டார். "காலையில திருத்தின கட்டெல்லாம் சீல் வெச்சாச்சேம்மா."

"என் கட்ட நான் பிரிச்சுக்கறேன் சார்."

"உங்க கட்ட மட்டும் பிரிச்சா, மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?"

மேலிடத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கி, மைக்கை எடுத்தார். அறிவிப்பு முடிவதற்குள் கூடமே முனகியது.

"ஏன் மேடம், இந்தக் கண்ணு காலையிலயே தெறந்திருக்கக் கூடாதா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஆசிரியை தன் கட்டைப் பிரித்தாள். சுழிகள் பல இரண்டு மதிப்பெண்ணாக மாறின. ஒரு தாள் மட்டும் அவளை உட்கார விடவில்லை. அந்தப் பிள்ளை முதலில் சரியாக எழுதி, பிறகு சந்தேகப்பட்டுக் குறுக்கே கோடு போட்டு, கீழே தலைகீழாக எழுதியிருந்தது. காலையில் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தாள்.

"இதப் பாருங்களேன். முதல்ல சரியாத்தான் எழுதியிருக்கு."

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "அடிச்சுடுச்சே. அடிச்சத எப்படி எடுத்துக்கறது?"

காலையில் கொடுத்த மதிப்பெண்ணை ஆசிரியையே அடித்து, சுழி போட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டாள். அந்தத் தாளை மூடத்தான் நேரமாயிற்று.

பேருந்து நிறுத்தத்தில் கணவர் அழைத்தார். "முடிஞ்சுதா? சாப்பாடு எடுத்து வைக்கவா?"

"வைங்க. வந்ததும் எதுவும் கேக்காதீங்க, சரியா?"

"சரி."

பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.