வில்ஃபின் இருநூற்றுப் பன்னிரண்டு கோல்

எங்கள் ஹாக்ஸ்லி டவுன் கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுத யாரும் முன்வரவில்லை. "டோரீனுக்கு வேற என்ன வேலை?" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நூற்றெண்பது பக்கம் எழுதினேன். நடுவரைக் கடித்த நாய்க்குக்கூட அரைப் பக்கம் ஒதுக்கினேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வியாழக்கிழமை அந்தப் பாழாய்ப்போன படம் கையில் சிக்கியது.

1967 ஜனவரி மாதத்து உள்ளூர்ச் செய்தித்தாள். எங்கள் வில்ஃப் டிரான்டர் காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரிக்கிறார். கிளப் பதிவேட்டிலோ அதே வாரம் வில்ஃப் இரண்டு கோல். அந்த மாதம் மொத்தம் ஐந்து.

வில்ஃபுக்கு அச்சு அசலாக அவரைப்போலவே ஓர் இரட்டைச் சகோதரர் உண்டு, ரெக். நடுவரை அடித்ததற்காக அவரை ஆயுளுக்கும் ஆடக்கூடாது என்று விலக்கியிருந்தார்கள். அண்ணன் பேரில் தம்பியை இறக்கியிருக்கிறார்கள், களவாணிப் பயல்கள்.

வில்ஃபின் இருநூற்றுப் பன்னிரண்டு கோல்தான் கிளப் சாதனை. ஐந்தைக் கழித்தால் இருநூற்று ஏழு. இன்று ஆடும் எங்கள் எல்லிஸும் சரியாக இருநூற்று ஏழில் நிற்கிறான். அவன் இன்னும் ஒன்று போட்டால் சாதனை அவனுடையது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வில்ஃபுக்கு எண்பது வயது, அந்தச் சாதனையை விட்டால் வேறொன்றும் இல்லாத மனிதர். அவரிடம் எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை கோலுக்குப் பின்னால் கம்பியோரம் அவர் பக்கத்தில் நின்றேன். எல்லிஸ் காலுக்குப் பந்து போகும்போதெல்லாம் கால் மாற்றி மாற்றி நின்றேன். அடிக்காதேடா, அடிக்காதேடா என்று வேண்டினேன். சொந்த அணிக்கு எதிராக இதற்குமுன் வேண்டியதே இல்லை.

"என்னம்மா, நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குற? எறும்பு ஏறுதா?"

"குளிருது வில்ஃப்."

"பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும்மா."

எழுபதாவது நிமிடம் எல்லிஸ் தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளினான். இருந்த நூற்று நாற்பது பேரும் கைதட்டிவிட்டு சிப்ஸுக்குத் திரும்பினார்கள். வில்ஃப் மட்டும் தொப்பியைக் கழற்றி, கம்பிக்கு மேலே கையை நீட்டினார்.

எல்லிஸ் ஓடிவந்து குலுக்கினான். "இன்னும் அஞ்சு இருக்கு பெரிசு. பத்திரமா வெச்சிருங்க."

"இல்லப்பா. முடிஞ்சுபோச்சு," என்றார் வில்ஃப். அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். அப்படியானால் இவரும் அந்த ஐந்தைக் கழித்துத்தான் எண்ணியிருக்கிறார்.

"எப்பலேர்ந்து எண்ணிட்டிருக்கீங்க?"

"அவன் இருநூறத் தொட்டதுலேர்ந்து. தூக்கமே இல்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்த வருஷக் கோப்பையப் புடுங்கியிருப்பாங்க. அப்புறம் பழகிப்போச்சு. ரெக் செத்து மூணு வருஷமாச்சு டோரீன். நெஞ்சப் போட்டு அறுக்குது."

"எழுதினா உங்க சாதனை போயிடும் வில்ஃப்."

"என்னுதா இருந்தாத்தானே போகும்?" மைதானத்தையே பார்த்தார். "உன் புஸ்தகத்துல ரெக் பேரு எத்தன எடத்துல வருது?"

ஓரிடத்திலும் இல்லை.

"அவன் எம்பேர்ல ஆடுன கடைசி ஆட்டத்துக்கு ஊன்றுகோலோட வந்து, அந்தக் கொட்டாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பாத்தேன். அஞ்சாவது கோல் போட்டான். ஜனம் பூரா 'வில்ஃப், வில்ஃப்'னு கத்துச்சு. அவன் சிரிச்சிக்கிட்டே கையத் தூக்கிக் காமிச்சாம்மா."