பன்னிரண்டாவது ஆள்

என் மைத்துனனை எங்கள் கம்பெனிக்குள் ஆராய்ச்சி செய்ய அழைத்துப் போனவனே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை.

வெளிநாட்டுத் தலைமை அலுவலகமும் இங்குள்ள கிளையும் ஒன்றையொன்று எப்படிப் புரிந்துகொள்கின்றன என்பது அவன் தலைப்பு. புள்ளிவிவரம் எல்லாம் கிடையாதாம். ஆட்களைப் பேசவிட்டு, அந்தப் பேச்சுக்குள் இருக்கும் அர்த்தத்தைத் தேடுவானாம். என் முன்னால் ரெக்கார்டரை வைத்தான்.

"தலைமை அலுவலகத்தோட எனக்கு ஒரு சிக்கலும் இல்ல மாப்ளே. முடியாதுன்னா முகத்துக்கு நேரா முடியாதுன்னுடுவேன்" என்றேன்.

தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய பதவி காலியாக இருந்தது. அதற்கான பட்டியலில் முதல் ஆள் நான். வேறு எப்படிப் பேசுவேன்?

அறிக்கை கிளையில் எல்லோருக்கும் வந்தது. பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஏழாவது ஆள், கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடம். அது யார் என்று வாட்ச்மேனே சொல்லிவிடுவார். என் பேச்சுக்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்: 'ஒவ்வொரு வீடியோ மீட்டிங்குக்கும் முன் இவர் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறார். புரியாததற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார். தகவல்: பன்னிரண்டாவது ஆள்.'

குளியலறை என் வீட்டுக் குளியலறை. மறுநாள் கிளைத் தலைவர் கூப்பிட்டு, "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று டீ கொடுத்து அனுப்பினார்.

மைத்துனனுக்குப் போன் செய்தேன்.

"ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர்கிட்ட சரிபார்க்கணும் மாமா. அதுதான் முறை. உங்க பேரைக்கூட போடலையே."

"மூஞ்சியப் போட்டுட்டியேடா" என்று போனை வைத்தேன். உப்பிட்ட வீட்டுக்கே உலை வைத்துவிட்டான். அவனாவது வெளியாள். ஆனால் அந்தக் குளியலறைக் கதை தெரிந்தவள் வீட்டில் ஒருத்திதான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா சொன்ன?"

"கேட்டான், சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியே. உன்னை நம்பித்தானே வீட்டுக்குள்ள பயந்தேன்."

அவள் கை நின்றது.

"வெளிநாடு போக வீட்ல முழு சம்மதம்னு அவன்கிட்ட சொன்னீங்களாமே. அதையும் என்கிட்டதான் சரிபார்த்தான். அப்படி ஒரு வேலை இருக்குன்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."



"ஆர்டர் கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.

"அது இனிமே வராதுங்க" என்றாள்.