பேய் மாதத்தில் வந்த மேற்கோள்

ஒன்பது வரிகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பல்கலைக்கழக அலுவலக எழுத்தர் மெய்யின், எல்லாருக்கும் மெய்யின் அக்கா, பேனாவை மூடினாள்.

"நூத்தித் தொண்ணூத்தேழு, டீச்சர். மூணு குறையுது."

உதவிப் பேராசிரியை ஷின்பெய்க்குக் காதில் விழுந்தது மனத்தில் ஏறவில்லை. பதவி உயர்வுக்கு அவளுடைய கட்டுரைகளைப் பிறர் இருநூறு முறையாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். எட்டு வருடம் அவகாசம். நாளை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. தவறினால் வேலை போய், தைனான் நகரை விட்டே கிளம்ப வேண்டியதுதான்.

"நேத்து இருநூத்தாறு இருந்துச்சே அக்கா!"

"இருந்துச்சு. அதுல ஒன்பது உங்க வீட்டுக்காரர் போட்டது. புருஷன் பொண்டாட்டியை மேற்கோள் காட்டினா சேர்க்கக்கூடாதுன்னு இந்த வருஷத்து விதி. நான் என்ன பண்ண?" அச்சு இயந்திரத்தின் தலையில், அது மக்கர் பண்ணாமலிருக்க ராசிக்காக வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை மெய்யின் அக்கா நேராக்கி வைத்தாள்.

ஷின்பெய் நேராகக் கணவனின் ஆய்வகத்துக்குப் போனாள். குன்ஹோங் சிப்பித் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"உன் பாசம் என் வேலைக்கே உலை வச்சிடுச்சு. சிப்பி பத்தி எழுதுறவனுக்கு என் பால்கெண்டை மீன் கட்டுரை எதுக்கு? அதுவும் ஒன்பது தடவை!"

"உப்பு ஏறினா செவுள்ல எந்த மரபணு முழிச்சுக்குதுன்னு பார்க்குற வழி உன்னோடது. வேற யார் பேரை எழுத? பக்கத்து வீட்டுக்காரி பேரையா?"

"சிரிக்காத குன். மலைக்கு அந்தப் பக்கம் ஹுவாலியன்ல ஒரு இடம்தான் காலியா இருக்கு. அப்புறம் ஞாயித்துக்கிழமைப் புருஷன்தான் நீ."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான்.

"விதி புருஷன்னுதானே சொல்லுது? முதல் ரெண்டு கட்டுரை வந்தப்போ நாம பார்த்துக்கிட்டதே இல்ல. யார்றா இந்தச் சிப்பிக்காரன்னு கருத்தரங்குக்கு நீதானே தேடிக்கிட்டு வந்தே?"

"சரி, ரெண்டு. இன்னும் ஒண்ணு?"

ஆறு கட்டுரைகள் கல்யாணத்துக்குப் பின் வந்தவை. மிச்சமிருந்த ஒன்று, அவர்கள் மணந்த வருடத்தில் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி வெளியானது. தேதியைப் பார்த்ததும் ஷின்பெய் நாற்காலியில் சாய்ந்தாள். அந்த வருடம் ஆகஸ்ட் எட்டாம் தேதிக்கு அவள் விருந்து மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்துவிட்டாள். செத்தவர்களின் ஆவிகள் வெளியே உலாவும் பேய் மாதத்தில் கல்யாணமா என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்று, விருந்தையும் பதிவையும் செப்டம்பருக்குத் தள்ளினார். அதை ஷின்பெய் ஒவ்வொரு கல்யாண நாளிலும் தவறாமல் குத்திக்காட்டி வந்திருக்கிறாள்.

"அப்போ நீ என் புருஷன் இல்ல" என்றாள் மெதுவாக.

"சுத்தமா இல்ல."

இருந்தும் ஒரு சந்தேகம் உறுத்தியது. காதலுக்காகப் போட்ட மேற்கோள் என்றால் அது அவளுக்கு வேண்டாம். கட்டுரையைத் திறந்து தேடினாள். நான்காம் பக்கத்தில் இருந்தது: 'எங்கள் முறை இரண்டு ஆண்டுகள் தோற்றது. ஜியான் ஷின்பெய்யின் முறை முதல் நாளே பலித்தது.'

"இதை நான் ஏன் படிக்கவே இல்ல?"

"தேதி தள்ளின கோவத்துல அந்த மாசம் பூரா நீ என்கூடப் பேசவே இல்லையே."

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

பதிவுத் தேதியைக் காட்டக் குடும்பப் பதிவேடு வேண்டும். அது மாமியாரின் சாமி அலமாரியில் இருந்தது. போனை எடுக்குமுன் ஷின்பெய் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அம்மா, நம்ம கல்யாணத் தேதி தள்ளிப்போச்சில்ல..."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? நான் வச்சிடறேன்."

"இல்லம்மா! தள்ளினது நல்லதாப் போச்சு."

மறுமுனையில் எதையோ துழாவும் சத்தம். பிறகு, "இரு, காதுக் கருவியை மாட்டிக்கிறேன். இன்னொரு தடவை சொல்லு."

அரை மணி நேரத்தில் மாமியார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், பதிவேட்டை மார்போடு அணைத்தபடி அலுவலகத்துக்குள் முதல் ஆளாக நுழைந்தார்.

மெய்யின் அக்கா தேதியைப் படித்தாள். விதியைப் படித்தாள். மறுபடி தேதியைப் படித்தாள். பிறகு தன் சிவப்புக் கோடுகளில் மூன்றின் பக்கத்தில் 'செல்லும்' என்று எழுதி முத்திரை குத்தினாள்.

"இருநூறு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வாழ்த்துகள் டீச்சர்."

ஷின்பெய்க்குக் கண் கலங்கியது. குன்ஹோங் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சிப்பி வாடை அடித்தது.

மாமியார் மட்டும் மேசையைவிட்டு நகரவில்லை.

"பேய் மாசத்துல வந்தது எது?"

மெய்யின் அக்கா விரலை வைத்துக் காட்டினாள்.

"அது என்னோடது. பக்கத்துல என் பேரை எழுதுங்க."

"மாமியார் மேற்கோளுக்கு விதியே இல்லையேம்மா!"

"அப்போ தடையும் இல்லதானே?" என்று கேட்டுவிட்டு, மாமியார் தலைக்கவசத்தைக் கழற்றிச் சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.