இரண்டாவது முத்திரை

எங்கள் வார்டுக்கு இரண்டு மெம்பர். அதனால் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒரே சீட்டில் இரண்டு பேருக்கு முத்திரை குத்தலாம். எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த இரண்டாவது முத்திரைதான்.

கன்னியப்பன் என் தங்கை ஆதிலட்சுமியின் புருஷன். வரப்புத் தகராறில் அவனும் நானும் பேசாமல் இருந்த நாலு வருஷமும் அவள் என் வாசலை மிதிக்கவில்லை. தேர்தலைச் சாக்கிட்டு எங்களை ஒட்டவைத்தவளும் அவள்தான். மேலத்தெரு என் ஆட்கள், கீழத்தெரு அவன் ஆட்கள். இரண்டு தெருவும் இருவருக்கும் குத்தினால் இருவருமே மெம்பர். அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி எங்களிடம் சத்தியமே வாங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் ஆட்கள் அவனுக்குப் போட்டு, அவன் ஆட்கள் எனக்குப் போடாவிட்டால்? சோறு இறங்கவில்லை. கழனிக்குப் போனவன் பாதி வழியில் திரும்பினேன். கடைசியில் மேலத்தெருவில் வீடு வீடாக நுழைந்தேன்.

"ஒண்ணு எனக்குக் குத்துங்க. இன்னொண்ணு சிட்டம்மாளுக்குக் குத்திடுங்க. அது எங்க ஜெயிக்கப் போவுது? ஆதிலட்சுமிக்கு மட்டும் தெரியக் கூடாது."

சிட்டம்மாள் மோர் விற்கிறவள். தெருக்குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் தேர்தலுக்கு மனு போட்டுவிட்டு, ஓட்டுக் கேட்கக்கூடப் போகாதவள்.

பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். நானும் கன்னியப்பனும் ஒரே பெஞ்சில். எனக்குக் குடை சின்னம், அவனுக்குப் பூட்டு, சிட்டம்மாளுக்கு ஏணி. சீட்டை விரித்தால் இரண்டு முத்திரையும் சேர்ந்தே தெரியும் என்பது இந்த மரமண்டைக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

"குடை, ஏணி," என்றார் எண்ணிய வாத்தியார். "குடை, ஏணி. குடை, ஏணி."

கன்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"பூட்டு, ஏணி. பூட்டு, ஏணி."

எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

"இன்னா மாப்ளே, நீயுமா?" என்றேன்.

"நீ மட்டும் இன்னா பண்ணிக்கினு இருந்த, மச்சான்?"

ஒரு சீட்டை மட்டும் வாத்தியார் இரண்டு தரம் பார்த்தார். "குடை, பூட்டு," என்றார். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யார் குத்தியது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்தேன், அவன் கூரையைப் பார்த்தான்.

சிட்டம்மாளுக்கு இருநூறு ஓட்டு. எனக்குத் தொண்ணூற்றாறு, கன்னியப்பனுக்குத் தொண்ணூற்றிரண்டு. நான் மெம்பர். கொஞ்சமும் சந்தோஷமில்லை.

வெளியே ஆதிலட்சுமி இரண்டு மாலைகளோடு நின்றிருந்தாள். கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

"இன்னாண்ணா, அவரு பாட்டுக்குப் போறாரு?"

"நாலு ஓட்டுல மாப்ளே தோத்துட்டாரும்மா. சிட்டம்மாளும் நானும் வந்துட்டோம்."

"அது எப்டிண்ணா? ரெண்டு தெருவும் ரெண்டு பேருக்கும்தானே போட்டுச்சு?"

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"குத்தும்போது எனக்குக் கை நடுங்கிச்சுண்ணா. என் சீட்டு செல்லாமப் பூடுச்சா?"

வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"உன்து செல்லுச்சும்மா," என்றேன்.