கல்யாணப் பந்தலில் இரண்டாவது பாட்டு

முதல் பாட்டு எப்படியோ ஓடிவிட்டது. ஹட்டன் பஸ் எதில் ஏறினாலும் என் குரல்தான். அதே ஆல்பத்திலிருந்து இரண்டாவது பாட்டும் பிடித்துக்கொண்டால்தான் எங்கள் 'ஏழாம் நம்பர் மலை'யை பேண்ட் என்று மதிப்பார்கள். இல்லையென்றால் ஒரே பாட்டுக்காரர்கள் என்று சிரிப்பார்கள். இதை நம்பித்தான் துணிக்கடை வேலையையும் விட்டுத் தொலைத்திருந்தேன்.

இரண்டாவது, நான் எழுதிய காதல் பாட்டு. நடுவில் கிட்டார் நின்று, எங்கள் பேண்டின் யோகேஸ்வரனுடைய தப்பு மேளம் மட்டும் தனியாக அதிரும். ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அக்ரம் நானா, "இந்த இடந்தான் தங்கச்சி பாட்டே" என்றார். கினிகத்தேனை டவுனில் வளர்ந்த எனக்கும் அது நல்ல அடி, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வெளியீடு. அதற்கு முன், அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்தில் அத்தை மகள் லோஜினியின் கல்யாணத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று நானேதான் பென்டிரைவை நீட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

தப்பு அதிர்ந்ததும் பந்தியில் கைகள் நின்றன. மேல் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து, "யாரு செத்தா?" என்று கேட்டார்கள். அம்மாக்கண்ணு அத்தை கரண்டியும் கையுமாக வந்தாள்.

"தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகல. எம்மக கல்யாணத்துல சாவு அடியா போடுற, பிரேமினி?"

பாட்டை நிறுத்திவிட்டு, என்னோடு வந்திருந்த யோகேஸ்வரனைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். அந்த அடியை எடுத்துவிட்டு கீபோர்டு போடச் சொல்லலாம் என்று அக்ரம் நானாவுக்கு போனும் போட்டேன். எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது.

"கல்யாண அடி ஒன்னு கூடவா தெரியாது ஒனக்கு?"

"தெரியாது" என்றான். "எங்கப்பாவோட போய்ப் போய்ப் பழகினது. நாங்க போனதெல்லாம் சாவு வீட்டுக்குத்தான். கல்யாணத்துக்கு எங்கள யாரு கூப்பிட்டா?" பிறகு, "இந்த வீட்டுக்கும் வந்திருக்கோம். ஒங்க மாமா செத்த அன்னிக்கு" என்றான்.

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போனில் அக்ரம் நானா, "என்ன தங்கச்சி, சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஒன்னுமில்ல நானா. வெள்ளிக்கிழமை அப்படியே விடுங்க."

அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை. தோட்டத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும், "காதல் பாட்டுக்கு ஏன் சாவு அடி?" என்று ஒரே கேள்வி. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் யோகேஸ்வரனையே போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

இதுவரை ஒருத்தரும் போய்க் கேட்கவில்லை.